தோற்றவனுக்கு முதல் பந்தி

அக்டோபர் பிறந்துவிட்டால் போதும், அமெரிக்காவின் விளையாட்டுப் பக்கங்களில் ஒரே கட்டுரையை முப்பது ஊர்ப் பெயர் போட்டு அச்சடிப்பார்கள். ‘நம் அணியில் இளம் ரத்தம் பாய்கிறது. பையன்கள் கோடை முழுக்க ஜிம்மில் கிடந்தார்கள். இவர் உடம்பை ஏற்றியிருக்கிறார். அவர் தூரத்திலிருந்து கூடை போடக் கற்றுக்கொண்டுவிட்டார். இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் கோப்பை நமக்குத்தான்.’

கூடைப்பந்து சீசன் தொடங்குவதற்கு முந்தைய அந்த மூன்று வாரம், மாப்பிள்ளை பார்க்கிற வாரம் மாதிரி. எல்லாப் பையனும் தங்கமான பையன். ஒருத்தனுக்கும் ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. கல்யாணத்துக்கு அப்புறம்தானே தெரியும்?

அந்தக் கட்டுரைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம்பிக்கையை விற்பது பத்திரிகைத் தொழிலில் பாதி. நானும் அந்தக் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் கோபமெல்லாம், அந்தப் பத்தொன்பது வயசுப் பையன்களை அந்தந்த ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கிற முறை மேல். அமெரிக்கர்கள் அதற்கு வைத்த பெயர் டிராஃப்ட். நான் வைத்த பெயர்தான் தலைப்பில் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம்.

என்.பி.ஏ. என்கிற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் 30 அணிகள். வருஷத்துக்கு அணிக்கு 82 ஆட்டம். ஒவ்வொரு ஜூன் மாதமும் கல்லூரியிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் புதுப் பையன்கள் வருவார்கள். நம் ஐ.பி.எல். மாதிரி ஏலமெல்லாம் கிடையாது. அணிகள் வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு பையனை எடுத்துக்கொள்ளும். பையனுக்கு எந்த ஊர் பிடிக்கும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். சரி, யார் முதலில் எடுப்பது? போன வருஷம் அதிகம் தோற்ற அணிகள்தான் வரிசையின் முன்னால் நிற்கும். இளைத்தவனுக்குக் கை கொடுக்கிற நல்ல எண்ணம். கேட்க எவ்வளவு தர்மமாக இருக்கிறது, பாருங்கள்.

முன்பு இரண்டு பிரிவுகளிலும் கடைசியில் நின்ற அணிகளுக்குள் நாணயம் சுண்டிப் போட்டு முதல் ஆளைத் தீர்மானித்தார்கள். அதற்காகவே தோற்கிறார்கள் என்று புகார் கிளம்பியதும் 1985-ல் குலுக்கல் கொண்டுவந்தார்கள். அப்போது கலந்துகொண்ட ஏழு அணிகளுக்கும் சமவாய்ப்பு. நியாயமான ஏற்பாடு. விட்டார்களா? மோசமான அணிக்கு வாய்ப்பு அதிகம் என்று 1990-ல் மாற்றினார்கள். 1993-ல் 41 ஜெயித்து 41 தோற்ற ஆர்லாண்டோவுக்குக் குலுக்கலில் முதல் இடம் விழுந்துவிட்டது. உடனே, ‘ஐயோ, நல்லா ஆடினவனுக்கு அதிர்ஷ்டம் அடிச்சிருச்சே’ என்று பதறிப்போய், கடைசி இடத்து அணிக்கு 25 சதவிகித வாய்ப்பு என்று ஆக்கினார்கள். தோல்விக்குப் போனஸ் அறிவித்த ஒரே தொழிற்சாலை உலகத்திலேயே இதுவாகத்தான் இருக்கும்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. பி.காம் படித்தவன் கண்ணில் அதுதான் முதலில் படும். 1994-ல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட கிளென் ராபின்சன், பத்து வருஷத்துக்கு 6 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் வாங்கினார். முதலாளிகளுக்கு வயிறு கலங்கிவிட்டது. மறு வருஷமே, எந்த இடத்தில் எடுக்கப்பட்டவனுக்கு எவ்வளவு சம்பளம் என்று பட்டியல் போட்டுப் பூட்டிவிட்டார்கள். ஆக, முதல் இடத்தில் கிடைக்கிற பையன் எவ்வளவு பெரிய சூரனாக இருந்தாலும் நாலு வருஷத்துக்குச் சந்தை விலையை விடக் குறைச்சலான கூலிக்கு வேலை செய்வான். தோற்றால் பிடித்த சரக்கு கிடைக்கிறது. அதுவும் தள்ளுபடி விலையில். எந்த வியாபாரி சும்மா இருப்பான்?

இருக்கவில்லை. கதை ஃபிலடெல்ஃபியாவுக்குப் போகிறது.

ஃபிலடெல்ஃபியா செவன்டி சிக்ஸர்ஸ் பழைய, கௌரவமான அணி. 2011-ல் ஜோஷுவா ஹாரிஸ் தலைமையிலான கூட்டணி அதைச் சுமார் 28 கோடி டாலருக்கு வாங்கியது. ஹாரிஸ் யார்? அப்பல்லோ குளோபல் என்கிற முதலீட்டு நிறுவனத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர். கம்பெனிகளை வாங்கி, பிரித்து, பூட்டி, விற்கத் தெரிந்தவர். 2013 மே மாதம் சாம் ஹிங்கி என்கிறவரைப் பொது மேலாளராகக் கொண்டுவந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு எம்.பி.ஏ. புள்ளிவிவரப் புலி. அவர் சொன்னது சுருக்கமாக இதுதான்: நடுத்தரமாக இருப்பதை விடக் கேவலமாக இருப்பது லாபம்.

வந்த மறு மாதமே, அந்த வருஷம்தான் ஆல்-ஸ்டார் ஆகியிருந்த, 23 வயசே ஆன ஜ்ரூ ஹாலிடேவை நியூ ஆர்லியன்ஸுக்குத் தள்ளிவிட்டார். பதிலுக்கு வந்தவர், முழங்கால் தசைநார் கிழிந்து அந்த வருஷம் முழுக்க ஆடவே முடியாத நெர்லன்ஸ் நோயல். கூடவே மறு வருஷத்துக்கான ஒரு டிராஃப்ட் இடம். ஊரே திகைத்தது. ஆட முடியாத ஆளை வாங்கியது தவறுதலாக நடந்ததல்ல. அதுதான் திட்டமே. ஆட முடியாதவன் ஆட்டத்தை ஜெயித்துத் தொலைக்கமாட்டான் அல்லவா?

2014-ல் மூன்றாவது இடத்தில் ஜோயல் எம்பீட். பாதத்தில் முறிவு. இரண்டு வருஷம் பெஞ்சு. அதே வருஷம் டாரியோ சாரிச். அவர் இரண்டு வருஷம் துருக்கியில் ஆடிவிட்டுத்தான் வருவார். புரிகிறதா உங்களுக்கு? ‘இளம் வீரர்களை வளர்க்கிறோம்’ என்று போர்டு மாட்டிவிட்டு, இளம் வீரர்கள் யாரும் மைதானத்தில் இல்லாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

மூன்று சீசன். 19-63, 18-64, 10-72. கூட்டிப் பார்த்தால் 246 ஆட்டத்தில் 199 தோல்வி. முதல் வருஷமே தொடர்ச்சியாக 26 தோல்வி. இரண்டாம் சீசனின் கடைசிப் பத்தும் மூன்றாம் சீசனின் முதல் பதினெட்டும் சேர்த்து வரிசையாக 28 தோல்வி. அந்தச் சங்கிலி அறுந்தது 2015 டிசம்பர் 1-ம் தேதி, லேக்கர்ஸ் அணிக்கு எதிராக. அதே ஊரில் பிறந்த கோபி பிரையன்ட், ஓய்வு பெறப்போகிறேன் என்று அறிவித்துவிட்டுக் கடைசி முறையாகச் சொந்த ஊரில் ஆடவந்த ராத்திரி அது. அன்றைக்குத்தான் ஜெயித்தார்கள். விருந்தாளியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு!

இந்தக் கூத்துக்கு ரசிகர்களே ஒரு கோஷம் கண்டுபிடித்தார்கள்: ‘டிரஸ்ட் த புராசஸ்’. நடைமுறையை நம்பு. காங்கிரீட் காய்கிற வரைக்கும் பொறுங்கள் என்று கட்டட மேஸ்திரி சொல்லலாம். பத்தொன்பது வயசுப் பையன் காங்கிரீட்டா சார்?

இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. என்.பி.ஏ. பேச்சுமொழியில் இந்தப் பையன்களுக்கு ‘அஸெட்’ என்று பெயர். சொத்து. ஐந்தொகையில் மேஜை, நாற்காலி, இயந்திரம் எழுதுகிற பக்கத்தில் இவர்களை எழுதியாயிற்று. நான் படித்த கணக்குப் பதிவியலில், சொத்து என்று எழுதிவிட்டால் அடுத்த வரியில் தேய்மானம் எழுதியாக வேண்டும். அதையும் எழுதுவோம்.

மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ். 2013-ல் 11-வது இடத்தில் எடுத்த பையன். முதல் ஆட்டத்திலேயே நடப்புச் சாம்பியன் மயாமிக்கு எதிராக 22 பாயிண்ட், 12 அசிஸ்ட், 9 ஸ்டீல். மயாமி தோற்றது. வருஷக் கடைசியில் சிறந்த புதுமுகம் விருதும் அவருக்குத்தான். வேறு எந்த ஊராக இருந்தாலும் தெருவுக்கு அவர் பெயர் வைத்திருப்பார்கள். ஹிங்கி என்ன செய்தார்? 2015 பிப்ரவரியில் அவரை மில்வாக்கிக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்கு லேக்கர்ஸ் அணியின் எதிர்கால டிராஃப்ட் இடம் ஒன்றை வாங்கினார். அந்த இடம் கைக்கு வந்து சேர 2018 ஆனது. அதற்குள் ஹிங்கியே வீட்டுக்குப் போய்விட்டார். அதை வைத்து 10-வது ஆளாக மிக்கால் பிரிட்ஜஸை எடுத்தார்கள். ஃபிலடெல்ஃபியாவில் பிறந்து, பக்கத்திலேயே வில்லநோவா கல்லூரியில் ஆடிய பையன். பொருத்தம் பிரமாதம். அதே ராத்திரி அவரை ஃபீனிக்ஸுக்கு விற்றார்கள். வந்தவர் ஸயர் ஸ்மித். கூடவே வழக்கம்போல இன்னொரு எதிர்கால டிராஃப்ட் இடம். பாவம், அந்தப் பையனுக்குக் காயம், கடுமையான உணவு ஒவ்வாமை. மொத்த என்.பி.ஏ. வாழ்க்கையில் 13 ஆட்டம். பிரிட்ஜஸோ அடுத்த ஏழு சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தவறவிடவில்லை. பேரேட்டில் எழுதிப் பாருங்கள். சிறந்த புதுமுகத்தைக் கொடுத்தார்கள்; கடைசியில் 13 ஆட்டமும் இன்னொரு வாக்குறுதியும் வந்தன. மார்வாடிக் கடையில்கூட இதைவிட நல்ல விலை கிடைக்கும்.

ஜாலில் ஓக்காஃபர். 2015-ல் மூன்றாவது இடம். முதல் வருஷமே சராசரி 17.5 பாயிண்ட். ஆனால் அதே உயரத்தில், அதே இடத்தில் ஆடுகிறவர்களாக நோயல், எம்பீட் என்று ஏற்கெனவே இரண்டு பேர். மூன்று பேருக்கும் ஒரே நாற்காலி. அதுபற்றி யாருக்கும் கவலையில்லை, ஏனென்றால் அவர்கள் வாங்கியது ஆட்டக்காரனை அல்ல, பிறகு விற்பதற்கான சரக்கை. 2017-ல் ஒப்பந்தத்தை நீட்டிக்கவும் மாட்டோம், விடுவிக்கவும் மாட்டோம், ஆடவும் வைக்கமாட்டோம் என்று அவரை ஓரமாக உட்காரவைத்தார்கள். ‘என்னை விட்டுடுங்க’ என்று அவர் வெளிப்படையாகக் கேட்டபிறகு டிசம்பரில் புரூக்ளினுக்கு அனுப்பினார்கள். அப்போது அவருக்கு 22 வயசுகூட முடியவில்லை.

மார்க்கெல் ஃபுல்ட்ஸ். 2017-ல் முதல் இடம். இவரைப் பிடிக்க, கையிலிருந்த மூன்றாவது இடத்தையும் எதிர்காலத்து இடம் ஒன்றையும் பாஸ்டனுக்குக் கொடுத்தார்கள். வந்த சில மாதத்தில் பையனுக்குப் பந்தைத் தூக்கிப் போடவே வரவில்லை. கை நடுவில் நின்று நின்று போனது. இன்டர்நெட் முழுக்க அந்த வீடியோவைப் போட்டுச் சிரித்தார்கள். மனசில்தான் கோளாறு என்றார்கள் நிபுணர்கள். 2018 டிசம்பரில் டாக்டர்கள் கண்டுபிடித்தது: கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே நரம்பு நசுங்குகிற வியாதி. அவர் ஃபிலடெல்ஃபியாவுக்காக ஆடியது மொத்தம் 33 ஆட்டம். பாஸ்டன் அந்த மூன்றாவது இடத்தில் எடுத்தது ஜேசன் டேட்டம். 2024-ல் பாஸ்டன் சாம்பியன்.

அந்தச் சாம்பியன் அணியில் இன்னொருவரும் இருந்தார். ஜ்ரூ ஹாலிடே. ஆமாம், அதே ஹாலிடே. அதற்கு முன் 2021-ல் மில்வாக்கியோடும் ஒரு கோப்பை வாங்கிவிட்டார். தோற்பதற்காக விற்கப்பட்ட ஆள், இரண்டு அணியோடு கோப்பை ஜெயித்தார்.

என் அண்ணன் மகன் ஒருவன் நியூஜெர்ஸியில் இருக்கிறான். சிக்ஸர்ஸ் பைத்தியம். அவனிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் மாட்டிக்கொண்டேன்.

“சித்தப்பா, நீங்க ஒரு பக்கமாவே பேசறீங்க. எம்பீட் கிடைச்சாரா இல்லையா? 2023-ல அவர் எம்.வி.பி. தெரியுமில்ல?”

“தெரியும்டா. ஆனா அவர் எந்த வருஷத் தோல்விக்குக் கிடைச்சார்? 19 ஜெயிச்ச வருஷத்துக்கு. 18 ஜெயிச்ச வருஷத்துக்குக் கிடைச்சது ஓக்காஃபர். 10 ஜெயிச்ச வருஷத்துக்குக் கிடைச்சது பென் சிம்மன்ஸ். ஜாஸ்தி தோத்தா ஜாஸ்தி நல்ல ஆளுன்னு எங்கடா இருக்கு?”

“அப்போ என்னதான் பண்ணணும்கறீங்க? ஹிங்கி வர்றதுக்கு முன்னாடி 34 ஆட்டம் ஜெயிச்சாங்க. கோப்பையும் கிடையாது, நல்ல பையனும் கிடைக்கமாட்டான். காலம்பூரா நடுவுலயே நிக்கறதா?”

நியாயமான கேள்வி. ஒப்புக்கொள்கிறேன். முப்பது அணியில் வருஷத்துக்கு ஒன்றுதான் ஜெயிக்கும். மற்ற ஊர்க்காரன் எதை நம்பி டிக்கெட் வாங்குவான்? அந்த ஏக்கம் பொய்யில்லை. அந்த ஏக்கத்தை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது என்பதுதான் என் புகார்.

எம்பீட் கதையிலேயே நம் புள்ளிவிவரப் புலிகள் எழுதாத ஒரு பக்கம் உண்டு. அவர் கேமரூனிலிருந்து வந்தவர். கூடைப்பந்தை முதல் முறையாகக் கையில் எடுத்ததே பதினைந்து, பதினாறு வயசில். எடுக்கப்பட்ட நாலு மாதத்தில், 2014 அக்டோபரில், அவருடைய சின்னத் தம்பி ஊரில் வாகன விபத்தில் இறந்துபோனான். கால் உடைந்து, ஆட்டம் இல்லாமல், தெரியாத ஊரில், இருபது வயசில் ஒருவன் அந்தச் செய்தியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று யோசித்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த மாதத்தில் அவரைச் சுற்றி என்ன இருந்தது? முப்பது வயசைத் தாண்டிய அனுபவசாலி வீரர்கள் இருந்தார்களா, தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போக? மூத்தவர்களையெல்லாம்தான் ஜெயித்துத் தொலைப்பார்கள் என்று வெளியேற்றியாயிற்றே. அவர் தப்பித்து வந்து எம்.வி.பி. ஆனார் என்றால், அது அவர் பெற்றவர்கள் செய்த புண்ணியம். அதைப் புராசஸின் வரவுப் பத்தியில் எழுதுவது எனக்குத் திருட்டுக் கணக்காகவே படுகிறது.

சிம்மன்ஸையும் சொல்லிவிடுகிறேன். திறமைசாலி. 2018-ல் சிறந்த புதுமுகம். கூடையைப் பார்த்துப் பந்தெறிவதில் மட்டும் பயம். அந்தப் பயம் 2021 பிளே-ஆஃபில் ஊரறிய வெடித்தது. 73 ஃப்ரீ த்ரோவில் 25-தான் விழுந்தது. அட்லான்டாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், கூடைக்கு அடியில் நின்றுகொண்டு, போடாமல் பந்தைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டார். ஆட்டம் முடிந்த கையோடு, இவரை வைத்துக் கோப்பை ஜெயிக்க முடியுமா என்று நிருபர்கள் கேட்க, தெரியவில்லை என்கிற மாதிரி பதில் சொன்னார் கோச். அவ்வளவுதான். சிம்மன்ஸ் அந்த அணிக்காக அதன்பின் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. அவர்மேலும் தப்பு உண்டு, நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால், ‘இவன் வந்து நம் எல்லாத் தோல்விக்கும் ஈடு கட்டுவான்’ என்று 72 தோல்வியை ஒரு பையன் தலையில் ஏற்றினால் அவன் கை நடுங்காதா?

சரி, தோற்காமல் நல்ல பையன்கள் கிடைக்கவே மாட்டார்களா? ஹிங்கி 2013-ல் 11-வது ஆளை எடுத்தபிறகு, 15-வது ஆளாகப் போனவர் பெயர் யானிஸ் அன்டெடொகவும்போ. 2014-ல் எம்பீட் மூன்றாவது; 41-வது ஆளாக, டி.வி.யில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தபோது பெயர் வாசிக்கப்பட்டவர் நிகோலா யோக்கிச். மூன்று முறை எம்.வி.பி. ஆன மனிதர். நாற்பது முறை அவரைத் தாண்டிப் போனார்கள். அதில் எத்தனையோ பேர் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

2019 மே 12. பிளே-ஆஃப் இரண்டாம் சுற்று, ஏழாவது ஆட்டம், டொரன்டோ. இரண்டு அணியும் 90-90. கடைசி நொடியில் கவாய் லெனர்டு மூலையிலிருந்து, எம்பீட் தலைக்கு மேலே ஒரு பந்தைத் தூக்கிப் போட்டார். அது வளையத்தில் நாலு முறை குதித்து உள்ளே விழுந்தது. எம்பீட் அழுதுகொண்டே போனார். டொரன்டோ அந்த வருஷம் கோப்பையையும் வென்றது. அந்த அணியின் விசேஷம் என்ன தெரியுமா? குலுக்கலுக்குரிய முதல் 14 இடங்களில் எடுக்கப்பட்ட ஆள் ஒருத்தர்கூட அதில் இல்லை. கவாய் 15-வது. சியாக்கம் 27-வது. வான்விளீட்டை எவனும் எடுக்கவே இல்லை. வருஷக்கணக்காகத் தோற்றுச் சேர்த்த சொத்தை, மற்றவர்கள் ஒதுக்கிய ஆட்கள் வந்து முடித்துவைத்தார்கள்.

“அப்ப ஓக்லஹோமா?” என்று அண்ணன் மகன் விடவில்லை. அதுவும் சரிதான். 2021-ல் 22 வெற்றி, 2022-ல் 24 வெற்றி என்று தரையில் கிடந்த ஓக்லஹோமா சிட்டி, 2025-ல் 68 ஆட்டம் ஜெயித்துச் சாம்பியனாயிற்று. தோற்றதால்தான் 2022-ல் இரண்டாவது இடத்தில் சேட் ஹோம்கிரன் கிடைத்தார், மறுக்கவில்லை. ஆனால் அந்த அணியின் முதுகெலும்பு ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர். அவர் 11-வது ஆளாக எடுக்கப்பட்டு, வேறு அணியிலிருந்து பண்டமாற்றில் வந்தவர். ஜேலன் வில்லியம்ஸ் 12-வது ஆள். டார்ட்டை யாருமே எடுக்கவில்லை. நல்ல கண் இருந்தது, நல்ல கோச் இருந்தார். தோல்வி மட்டும் இருந்திருந்தால்? டெட்ராய்ட்டைக் கேளுங்கள். 2023-ல் கடைசி இடம், குலுக்கலில் ஐந்தாவது ஆள்தான் கிடைத்தான். 2024-ல் வரிசையாக 28 தோல்வி, 14-68, மறுபடியும் கடைசி. மறுபடியும் ஐந்தாவது ஆள். பிறகு கோச்சை மாற்றி, நாலு மூத்த ஆட்களைக் கொண்டுவந்து கூட உட்காரவைத்தார்கள். மறு வருஷமே 44 வெற்றி. அதே பையன்கள்தான் சாமி பெரும்பாலும்!

சொல்லவந்த இன்னொரு விஷயம், அந்த இறுதிப்போட்டியில் ஓக்லஹோமாவை ஏழு ஆட்டம் வரை இழுத்த இண்டியானா அணியில் டி.ஜே. மெக்கானல் என்கிற குள்ளர் ஒருவர் ஓடிக்கொண்டே இருந்தார். 2015-ல் யாரும் எடுக்காமல் விட்டு, ஃபிலடெல்ஃபியாவின் அந்த 10-72 அணிக்குள் வந்து சேர்ந்தவர். முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் பலர் எங்கேயோ போய்விட்டார்கள். இலை போடாமலே சாப்பிட வந்தவர் பத்து வருஷம் கழித்து இறுதிப்போட்டியில் நிற்கிறார்.

இந்த அநியாயத்தை யாரும் தடுக்கப் பார்க்கவில்லையா? பார்த்தார்கள். 2014 அக்டோபரில் குலுக்கல் முறையை மாற்ற முதலாளிகள் ஓட்டுப் போட்டார்கள். நிறைவேற 23 ஓட்டு வேண்டும். கிடைத்தது 17. பதின்மூன்று பேர் எதிர்த்தார்கள். ‘நாளைக்கு நாமும் தோற்க வேண்டி வரலாமே’ என்கிற முன்ஜாக்கிரதை! ஃபிலடெல்ஃபியா எப்படி ஓட்டுப் போட்டிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒருவழியாக 2017-ல் மாற்றம் நிறைவேறி, 2019 முதல் கடைசி மூன்று அணிக்கும் தலா 14 சதவிகித வாய்ப்பு என்று வந்தது. எதிர்த்து விழுந்த ஒரே ஓட்டு யாருடையது? ஓக்லஹோமா.

வேடிக்கை நின்றதா? 2023-ல் டல்லஸ், பிளே-ஆஃப் வாய்ப்பு உயிரோடு இருக்கும்போதே முக்கிய ஆட்களை உட்காரவைத்து ஒரு ஆட்டத்தைக் கோட்டைவிட்டது. ஏழரை லட்சம் டாலர் அபராதம். 2025 மார்ச்சில் யூட்டா, ஆடக்கூடிய ஆளை உட்காரவைத்ததற்காக ஒரு லட்சம் டாலர் கட்டியது. ஒரு லட்சம் டாலர்! நூறு கோடிக் கணக்கில் பேசுகிறவனுக்கு அது டீச்செலவு. டி.வி. உரிமைக்கு 2014-ல் ஒன்பது வருஷத்துக்கு 24 பில்லியன் டாலர் என்று ஒப்பந்தம் போட்டவர்கள், 2024-ல் பதினோரு வருஷத்துக்குச் சுமார் 76 பில்லியன் என்று போட்டார்கள். தேசிய டி.வி. பணம் முப்பது அணிக்கும் சமமாகப் பிரியும். 72 ஆட்டம் தோற்றவனுக்கும் அதே பங்கு. இங்கிலாந்துக் கால்பந்தில் கடைசி மூன்று இடம் என்றால் கீழ் டிவிஷனுக்கு இறக்கிவிடுவார்கள். வருமானம் போகும், மானம் போகும். அங்கே ஏப்ரல் மாதம் கடைசி இடத்து அணிகள் உயிரைக் கொடுத்து ஆடும். இங்கே ஏப்ரல் மாதம் தோற்பதற்குப் போட்டி.

ஹிங்கி 2016 ஏப்ரலில் ராஜினாமா செய்தார். 13 பக்கக் கடிதம். படித்துப் பார்த்தேன். வாரன் பஃபெட் வருகிறார், நியூசிலாந்தில் அழிந்துபோன மோவா பறவை வருகிறது, நீண்டகாலப் பார்வை வருகிறது. காசு கொடுத்துத் தோல்வியைப் பார்த்தவனுக்கு அதில் எத்தனை வரி என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

என் யோசனை பெரிசாக ஒன்றுமில்லை. பிளே-ஆஃபுக்கு வராத 14 அணிக்கும் ஒரே வாய்ப்பு. 1985-ல் இருந்தது, அப்படியே திருப்பி வையுங்கள். இல்லாவிட்டால் 2013-ல் பாஸ்டன் அணி நிர்வாகத்தின் மைக் ஸாரன் சொன்ன சக்கரம் இருக்கிறது. முப்பது அணி, முப்பது வருஷம், ஒவ்வொரு அணிக்கும் ஒவ்வொரு இடமும் ஒருமுறை வரும். யார் எப்போது என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடலாம். தோற்று ஒரு பைசா லாபமில்லை. இரண்டுமே பிடிக்கவில்லை என்றால் டிராஃப்டையே தூக்கிவிட்டு, வேலை தேடுகிற மற்ற எல்லா இளைஞர்களையும் போல அந்தப் பையனும் நாலு இடத்தில் விண்ணப்பித்து, பிடித்த இடத்தில் சேரட்டும். ‘பணக்கார ஊர்கள் எல்லாரையும் அள்ளிக்கொண்டு போய்விடும்’ என்பார்கள். சம்பளத்துக்குத்தான் உச்சவரம்பு வைத்திருக்கிறீர்களே ஐயா, அது எதற்கு?

புராசஸ் முடிந்தது என்று நினைத்தால் 2025-ல் மறுபடி. எம்பீட் 19 ஆட்டம்தான் ஆடினார். மற்ற நட்சத்திரங்களுக்கும் காயம். நம்பிக்கையூட்டிய புதுமுகம் ஜேரட் மக்கேன் 23 ஆட்டத்தோடு முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். 24-58. அந்த வருஷ இடம் முதல் ஆறுக்குள் வந்தால்தான் ஃபிலடெல்ஃபியாவுக்கு. தாண்டினால் ஓக்லஹோமாவுக்குப் போய்விடும் என்று பழைய ஒப்பந்தம். கடைசி மாதத்தில் ஒவ்வொரு தோல்விக்கும் சொந்த ரசிகனே கைதட்டினான். என் அண்ணன் மகன் உள்பட. “ஜெயிச்சுடக் கூடாதேன்னு பயமா இருக்கு சித்தப்பா” என்றான். ஒரு ரசிகனை இந்த வாக்கியத்தைச் சொல்ல வைத்ததற்கு எந்தக் கோர்ட்டில் வழக்குப் போடுவது?

மூன்றாவது இடம் விழுந்தது. பஹாமாஸிலிருந்து வந்த வி.ஜே. எட்ஜ்கோம் வந்தார். 2025 அக்டோபர் 22, பாஸ்டனில் முதல் ஆட்டம். பையன் 34 பாயிண்ட் போட்டார். கூட ஆடிய டைரீஸ் மேக்ஸி 40. அவர் 21-வது இடத்தில் எடுக்கப்பட்டவர். ஒரு பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்.

இந்திய நேரத்துக்கு விடியற்காலை. செல்போன் சத்தத்தில் வீடே எழுந்துவிட்டது. “பார்த்தீங்களா சித்தப்பா, புராசஸ்!” என்றான்.

“டேய், அந்த 21-வது பையன் எப்படி வந்தான்னு தெரியுமா?” என்றேன்.

தெரியும் என்றான். ஃபுல்ட்ஸை ஆர்லாண்டோவுக்கு அனுப்பியபோது கிடைத்த இடமாம் அது. அதுவும் புராசஸ் கணக்கில்தான் சேருமாம். நரம்பு நசுங்கிய பையனை அனுப்பியதில் வந்த லாபம். போனை வைத்துவிட்டுப் பால் வாங்கப் போனேன்.